மூன்று டம்ளர் நெருப்பு

கால் லிட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் பிடிக்கும் எவர்சில்வர் டம்ளர் மூன்றை எடுத்து வரிசையாக வையுங்கள். காபி டம்ளர் போதாது; சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் வைப்போமே, அந்த அளவு. மாருதி 800 காரின் எஞ்சினில் நெருப்பு எரியும் இடம் மொத்தமே அவ்வளவுதான். அப்பா, அம்மா, பிள்ளைகள், பாட்டி, மடியில் ஒரு தூக்குச்சட்டி, ஏற்காட்டுப் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகள் என எல்லாவற்றையும் அந்த மூன்று டம்ளர்தான் சுமந்து ஏறியது.

டம்ளர் கணக்கைச் சரியாகவே போட்டுவிடுவோம். சிலிண்டரின் உள்விட்டம் 68.5 மில்லிமீட்டர். அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் (பாடநூல் தமிழில் உந்துதண்டு) பயணம் செய்யும் தூரம் 72 மில்லிமீட்டர். ஒரு சிலிண்டருக்கு 265 கன சென்டிமீட்டர், மூன்றுக்கும் 796. இந்த 796-ஐத்தான் முழு நூறாக்கி, 800 என்று காரின் முதுகில் ஒட்டினார்கள். ஜப்பானின் சுசுகி உருவாக்கிய எஞ்சின் இது. எஃப்8பி என்பது அதன் குறிப்பெயர். 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள். அதே எஞ்சின் ஆம்னி வேனில் முன்சீட்டுக்கு அடியில் உட்கார்ந்து, ஓட்டுபவரின் தொடையைச் சூடாக்கிக்கொண்டே ஊர் சுற்றியது.

இதன் வலிமை சுமார் 37 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 5000 சுற்று விரட்டினால். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 1 எச்.பி. மோட்டார் முப்பத்தேழை ஒன்றாக ஓடவிட்டது போல. திருகும் பலம், அதாவது முறுக்குவிசை, 59 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஆறு கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் மறுமுனை எவ்வளவு திருகப்படுமோ, அவ்வளவு. ஓர் அரிசிப் பை காரை மலையேற்றாதுதான். முதல் கியரில் போட்டதும் பல்சக்கரங்கள் வேகத்தைக் காவு கொடுத்து அந்தத் திருகலைப் பத்து மடங்குக்கு மேல் பெருக்கிச் சக்கரத்துக்கு அனுப்புகின்றன. மலைப்பாதையில் எஞ்சின் கத்திக்கொண்டு, வண்டி மட்டும் நிதானமாக ஏறுவது இதனால்தான்.

இனி டம்ளருக்குள் போவோம். பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் உள்ளே வருகின்றன. மேலேறும்போது அவை அமுங்குகின்றன. மேலே தீ பற்றி, பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. மறுபடி ஏறும்போது புகை வெளியேறுகிறது. உறிஞ்சு, அமுக்கு, எரி, துப்பு. இந்த நான்கு அடிக்குள் ஒரு சுழற்சி முடிந்துவிடும். எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டி முடிப்பதற்குள் பிஸ்டன் ஏறக்குறைய இருபது முறை திசை மாறிவிட்டிருக்கும்.

அமுக்கும் கட்டத்தில் நடப்பது வேடிக்கையானது. உள்ளே வந்த கலவையெல்லாம் சிலிண்டரின் தலைப்பகுதியில் 35 மில்லிலிட்டர் இடத்துக்குள் அடைபடுகிறது. இரண்டு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். அடைபடுவதற்கு முன்னும் பின்னும் உள்ள கொள்ளளவின் விகிதம் இந்த எஞ்சினில் ஏறத்தாழ 8.7, இதை அமுக்க விகிதம் என்பார்கள். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்திருக்கையில் அந்த இரண்டு கரண்டி இடத்தில் தீ பற்றினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நாற்பது கிலோ அளவுக்கு அழுத்தம் எழும். பிஸ்டனின் தலை நம் உள்ளங்கையைவிடச் சிறியது. அதன்மேல் ஒன்றரை டன் இறங்குகிறது. மாருதி 800 காரின் எடையே சுமார் 650 கிலோதான். இரண்டு கார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அந்தப் பிஸ்டன் மேல் ஏற்றி இறக்குவதற்குச் சமம், 3000 சுற்றில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 தடவை.

இத்தனைக்கும் எரிவது எவ்வளவு? மணிக்கு மூன்று லிட்டர் பெட்ரோல் குடித்துக்கொண்டு 3000 சுற்றில் எஞ்சின் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று சிலிண்டர்களும் சேர்ந்து 2,70,000 முறை பற்றுகின்றன. ஒரு தடவைக்குக் கிடைப்பது ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு அளவு பெட்ரோல். அதை எரிக்கத் தேவைப்படும் காற்றுதான் மலைக்க வைக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையின் காற்று முழுவதையும் இந்தக் குட்டி எஞ்சின் ஒரே மணி நேரத்தில் குடித்துவிடும். நாம் பெட்ரோலுக்கு மட்டும் காசு கொடுக்கிறோம். ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்யாமல் வருடக்கணக்கில் விட்டால் வண்டி மூச்சுத் திணறுவதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

மூன்று சிலிண்டர்களும் ஒரே நேரத்தில் பற்றுவதில்லை. ஒரே உரலில் மூன்று பெண்கள் நெல் குத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஓர் உலக்கை விழும்போது அடுத்தது மேலே இருக்கும், மூன்றாவது பாதி வழியில் வரும். எஞ்சினில் அந்த முறைவரிசை 1, 3, 2. ஒரு சிலிண்டர் பற்றியபின் கிராங்க் என்னும் வளைதண்டு 240 பாகை சுழன்றதும் அடுத்தது பற்றும். ஆனால் ஒரு சிலிண்டர் தள்ளுவது அதிகபட்சம் 180 பாகைக்குத்தான். மீதி 60 பாகைக்கு யார் தள்ளுகிறார்கள்? யாருமே இல்லை. ஓடும் நேரத்தில் கால்வாசி, இந்த எஞ்சினைத் தள்ள ஆளில்லை. அந்த இடைவெளியைக் கடத்திவிடுவது வளைதண்டின் கோடியில் மாட்டியிருக்கும் கனத்த இரும்புச் சக்கரம், ஃப்ளைவீல். குயவர் கோலால் சுழற்றிவிட்டுக் கையை எடுத்தபின்னும் திகிரி சுற்றிக்கொண்டே இருக்கிறதே, அதே வித்தை.

முறைவரிசையில் ஓர் உலக்கை தவறினால் என்ன ஆகும் என்பது பட்டறைக்கு வண்டியை விட்ட எல்லோருக்கும் தெரியும். “சார், மிஸ்ஸிங் அடிக்குது” என்பார் மெக்கானிக். ஆறு சிலிண்டர் வண்டியில் ஒன்று படுத்துக்கொண்டால் ஆறில் ஒரு பங்குதான் நஷ்டம். ஓட்டுபவர் கவனிக்காமலே ஓட்டிவிடலாம். மூன்றில் ஒன்று படுத்தால் கார் முழுவதும் குளிர்ஜுரம் கண்டதுபோல் உதறும். பழைய கார்களில் எது படுத்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போதே பிளக் ஒயரை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். கழற்றியதும் உதறல் கூடினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் ஆசாமி. நீங்கள் முயற்சி செய்ய வேண்டாம். அந்த ஒயரில் பாய்வது 15,000 வோல்ட்டுக்கும் மேல்.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அது எப்படி ஆயிரக்கணக்கில் ஆகிறது? ஓடும் தண்ணீர்க் குழாயைப் படக்கென்று மூடினால் சுவருக்குள் ‘டொம்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஓடிக்கொண்டிருந்த நீருக்கு நிற்க இடமில்லாமல் அழுத்தம் எகிறுவதால் வரும் சத்தம் அது. இக்னிஷன் காயில் மின்சாரத்தைக் கொண்டு இதையே செய்கிறது. தடித்த கம்பிச் சுருளில் 12 வோல்ட் மின்சாரத்தை ஓடவிட்டு, திடீரென்று வெட்டுகிறது. அதுவரை சேர்ந்திருந்த காந்தப்புலம் ஒரே கணத்தில் சரிகிறது. பக்கத்தில் ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய மெல்லிய கம்பியில் அந்தச் சரிவு பேரழுத்த மின்சாரமாக எழுகிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியை அது தாண்டிக் குதிக்கும்போதுதான் பொறி. பிளக் நுனியில் கரி படிந்தாலோ, ஒயரின் உறை வெடித்து மழைக்காலத்தில் ஈரம் ஏறினாலோ, மின்சாரம் குதிக்காமல் சுலபமான பக்கவழியில் கசிந்துவிடும். மழைநாள் காலையில் மட்டும் அடம்பிடிக்கும் வண்டிகளின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

பொறி எப்போது விழ வேண்டும்? பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் என்று தோன்றும். இல்லை, அதற்குக் கொஞ்சம் முன்பே. விருந்தாளி வந்து உட்கார்ந்தபின் உலை வைத்தால் இலை காத்துக்கிடக்கும். அரிசி வேகும் நேரத்தைக் கழித்துக்கொண்டு முன்னமே அடுப்பேற்ற வேண்டும். தீயும் உடனே எரிந்து முடிவதில்லை, பிளக்கிலிருந்து பரவிச் சிலிண்டரின் சுவரை எட்ட ஓரிரு மில்லிநொடியாவது பிடிக்கிறது. 3000 சுற்றில் ஒரு மில்லிநொடிக்குள் வளைதண்டு 18 பாகை திரும்பிவிடும். ஆகவே, தள்ளுவிசை உச்சமடைவதும் பிஸ்டன் இறங்கத் தொடங்குவதும் கூடி வரும்படி, பொறி முன்கூட்டியே விழுகிறது.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. எஞ்சினின் ஆச்சரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது. எஞ்சின் வேகம் இரட்டித்தால் தீ பரவக் கிடைக்கும் நேரம் பாதியாகும். தீயின் வேகம் மாறாமல் இருந்தால், வேகமாக ஓடும் எந்த எஞ்சினும் பெட்ரோலைப் பாதி எரிந்தபடியே வெளியே துப்பிவிடும். அப்படி நடப்பதில்லை. ஏனென்றால் பிஸ்டன் வேகமாக இறங்க இறங்க, வால்வு வழியே காற்று அதிக ஆவேசத்துடன் பாய்ந்து வந்து உள்ளே சுழிக்கிறது. சுழிப்பு கூடினால் தீநாக்குகள் கிழிந்து, மடிந்து, நாலாபுறமும் பரவுகின்றன. ஊதுகுழலால் அடுப்பை ஊதியதும் தணல் சீறுவது போல. எஞ்சின் எவ்வளவு விரட்டுகிறதோ, அவ்வளவு வேகமாகத் தீயும் ஓடி ஈடுகொடுக்கிறது. இந்தச் சுழிப்பு மட்டும் இல்லாதிருந்தால் பெட்ரோல் எஞ்சின் ஒரு மந்தமான தொழிற்கூட இயந்திரமாகவே நின்றிருக்கும்.

பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் வேலையைத் தொடக்கத்தில் கார்பரேட்டர் பார்த்தது. அந்தக் காலத்து மூட்டைப்பூச்சி மருந்து பம்பு நினைவிருக்கிறதா? கம்பியைத் தள்ளினால் காற்று பீய்ச்சும். அது குழாய் வாயைக் கடக்கும் இடத்தில் அழுத்தம் குறைந்து, டப்பாவிலிருக்கும் மருந்து தானாக மேலேறிப் புகையாகத் தெறிக்கும். கார்பரேட்டர் அதே பம்புதான், பல மடங்கு நுட்பமாக. காற்று செல்லும் வழி நடுவில் குறுகுகிறது. குறுகலில் வேகம் கூடி, அழுத்தம் குறைகிறது. நுண்துளைகள் வழியே பெட்ரோல் இழுபடுகிறது. நிதான ஓட்டத்துக்கு ஒரு துளை, வேகத்துக்கு ஒன்று, திடீரென்று மிதித்தால் பீய்ச்ச ஒரு குட்டி பம்பு. கணிப்பொறி எதுவும் இல்லாமலே இந்த உலோகப் பெட்டி கணக்குப் போட்டது. ஆனால் ஒரு தூசித் துகள் போதும் அந்தத் துளைகளை அடைக்க. சிக்னலில் நின்றால் அணைந்துவிடும், ஓட்டினால் சரியாகப் போகும் என்ற புகார் வந்தால், நிதான ஓட்டத்துத் துளையைத்தான் மெக்கானிக் முதலில் ஊதிப் பார்ப்பார்.

கார்பரேட்டர் காலத்துக்கே உரிய இன்னொரு வியாதியும் உண்டு. கோடை மத்தியானம் நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிவந்த வண்டியை டீக்கடையில் நிறுத்துவீர்கள். கால்மணி கழித்துச் சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், பற்றாது. எஞ்சினை அணைத்ததும் அதைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடுவதால், உள்ளே தேங்கிய வெப்பம் வெளியே பரவும். பானட்டுக்கு அடியில் ஓடும்போது இருந்ததைவிட அணைத்தபின் சூடு அதிகம். எஞ்சின் மேலேயே பொருத்திய பெட்ரோல் பம்பு கொதித்து, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தை உறிஞ்சச் செய்த பம்பு ஆவியை வைத்துக்கொண்டு திண்டாடும். இதற்கு ஈரத் துணிதான் மருந்து. பம்பின் மேல் நனைத்துப் போட்டுவிட்டு இன்னொரு டீ குடித்தால் வண்டி கிளம்பிவிடும். மந்திரம் மாதிரித் தெரிந்தாலும் சுத்தமான இயற்பியல்.

2000-ஆம் ஆண்டையொட்டி, காரின் பின்புறத்தில் எம்.பி.எஃப்.ஐ. என்ற எழுத்துகள் முளைத்தன. இனி ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பீய்ச்சுக்குழல். பம்பு பெட்ரோல் டேங்குக்குள்ளேயே போய்விட்டது. பின்னாலிருந்து அழுத்தித் தள்ளுவதால் பெட்ரோல் வழியில் ஆவியாவது அரிது. பிரஷர் குக்கரில் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பது போல. எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதை ஒரு சிறு கணிப்பொறி தீர்மானிக்கிறது. அதற்கு நாக்கு ஒன்று உண்டு: புகைக்குழாயில் செருகியிருக்கும் ஆக்ஸிஜன் உணரி. புகையில் மிச்ச ஆக்ஸிஜன் இருக்கிறதா என்று ருசிபார்த்து, ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த மின்குறிப்பாகச் சொல்லும். மிச்சம் இருந்தால் பெட்ரோல் போதவில்லை, இல்லையென்றால் அதிகம். நொடிதோறும் உப்புப் பார்த்துச் சரிசெய்யும் சமையற்காரர் மாதிரி. இந்த முறைக்கும் தொல்லைகள் உண்டு. டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பது பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் சிக்கனக்காரர்கள் ஒருநாள் புதுப் பம்புக்குக் காசு கொடுப்பார்கள்.

இந்த எஞ்சினின் பெரும் பிரச்சினை சூடு. எரியும் வாயு 2000 டிகிரியைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அந்தத் தீக்கு மேலே கூரையாக இருப்பது அலுமினியத் தலை. அது உருகாமல் நிற்பதற்கு ஒரே காரணம், அதற்குள் குடைந்த வழிகளில் ஓடும் தண்ணீர். பெட்ரோலின் ஆற்றலில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது கால்வாசி அளவுதான். மீதியில் பெரும்பகுதி புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போகிறது. உண்மையில் இது கொஞ்சம் உருளவும் செய்கிற ஒரு வெந்நீர் அடுப்பு.

வெப்பத்தை ஆளும் கருவிகளில் மிக அழகானது தெர்மோஸ்டாட். மின்சாரம் இல்லை, கணிப்பொறி இல்லை. ஒரு பித்தளைக் குப்பிக்குள் மெழுகு. தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டியதும் மெழுகு உருகிப் பெருத்து, ஒரு கதவைத் தள்ளித் திறக்கிறது. அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். பல பட்டறைகளில் இதைக் கழற்றி வீசிவிட்டு, “நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்?” என்பார்கள். என் அபிப்பிராயத்தில் இது பெரிய தவறு. குளிர்ந்தே ஓடும் எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும், தேய்மானம் கூடும். எஞ்சினுக்குச் சூடும் வேண்டும், அளவோடு.

ரேடியேட்டர் மூடியும் சாதாரண மூடி இல்லை. அது குக்கரின் குண்டு. உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, தண்ணீர் கொதிநிலையை 120 டிகிரியை நெருங்கும் அளவுக்கு உயர்த்துகிறது. அளவு மீறினால் கொஞ்சத்தைப் பக்கத்து டப்பாவுக்கு விட்டுவிடும்; ஆறியதும் அதே மூடியிலுள்ள இன்னொரு சிறு வால்வு அந்தத் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அடுப்பிலிருக்கும் குக்கரை யாரும் திறக்கமாட்டோம். கொதிக்கும் ரேடியேட்டரைத் திறந்து முகம் வெந்தவர்கள் மட்டும் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

சூடு ஏறும் இடத்தை வைத்தே காரணத்தை ஊகிக்கலாம். சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, ஓடினால் இறங்கினால், மின்விசிறியோ அதை இயக்கும் சுவிட்சோ போயிருக்கும். ஓடும்போது எதிர்க்காற்று விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தண்ணீர் பம்பு ஓய்ந்திருக்கலாம். கூலண்டுக்குப் பதிலாக வருடக்கணக்கில் போர்த் தண்ணீரை ஊற்றியவர்களுக்கு அடைப்பு நிச்சயம். வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளை உப்புதான், விரல் நுழையாத குழாய்களில்.

முள் சிவப்பைத் தொட்டபின்னும் “வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்” என்று ஓட்டினால் அடுத்து போவது ஹெட் கேஸ்கட். எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு, தலை அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஓரடி நீளத்தில், எண்பது டிகிரி ஏற்றத்துக்கு, இரண்டுக்கும் இடையே கால் மில்லிமீட்டருக்கும் மேல் வித்தியாசம் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் படுத்து இந்தச் சண்டையைத் தினமும் தாங்குவது ஒரு மெல்லிய தகடு. அந்த ஒரே தகட்டின் ஓட்டைகளில் ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் எண்ணெய். மூன்று குடித்தனத்துக்கும் பொதுவான ஒற்றைச் சுவர். அதிகச் சூட்டில் தலை கோணிவிட்டால் சுவர் பிளக்கும். எண்ணெய் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தால் பால்காபி நிறத்தில் ஏதோ ஒட்டியிருக்கும். தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிட்டன என்று அர்த்தம். புகைக்குழாயில் விடாமல் வெண்புகை. நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, பிஸ்டன் வளையங்களோ வால்வு சீல்களோ தேய்ந்திருக்கும். கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம்.

எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வளைதண்டு அதன் தாங்கிகளின் மேல் உட்கார்ந்து சுழல்வதாக நினைக்கிறோம். ஓடும் எஞ்சினில் அது எதையும் தொடுவதே இல்லை. சுழற்சி தானே எண்ணெயைக் குறுகிய இடைவெளிக்குள் இழுத்துச் செருகி, தண்டைத் தூக்கிவிடுகிறது; தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல், அந்த ஒன்றரை டன் அடிகளையும் வாங்கிக்கொண்டு, தண்டு மிதக்கிறது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் இந்த எஞ்சின் ஏறக்குறைய 55 கோடி முறை பற்றியிருக்கும். நம் இதயம் பதினைந்து ஆண்டுகளில் துடிக்கும் கணக்கு அது. அத்தனைக்கும் பிறகு தாங்கியைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் பளபளவென்றுதான் இருக்கும். தேய்மானத்தில் பெரும்பங்கு நிகழ்வது காலையில் கிளம்பும் முதல் சில நொடிகளில், படலம் உருவாகுமுன்.

மூன்று சிலிண்டர் எஞ்சினின் தனித்த நடுக்கத்துக்கும் காரணம் எளிது. மூன்று பிஸ்டன்களின் தூக்குவிசைகள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. ஆனால் அவை ஒரே இடத்தில் இல்லை. ஒரு கோடிப் பிஸ்டன் ஏற, மறுகோடிப் பிஸ்டன் இறங்க, எஞ்சின் முழுவதும் ஊஞ்சல் பலகை போல நீளவாட்டில் ஆடுகிறது. அதை விழுங்குவது மவுண்டிங் எனப்படும் ரப்பர் கட்டைகள். கட்டை வெடித்தால் கியர்க்கம்பி வரை நடுங்கும். எஞ்சினுக்கே ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வருபவர்களின் வண்டியில் நல்ல மெக்கானிக் முதலில் அந்த ரப்பரைத்தான் பார்ப்பார்.

இந்த எஞ்சின் மூன்று வகைப் பெட்ரோலைக் கண்டது. பிறந்தபோது ஈயம் கலந்தது. கலவை நேரம் தவறித் தானே வெடித்துச் சிலிண்டரைத் தட்டாமல் இருக்க ஈயச் சேர்மம் உதவியது. 1995-இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. நச்சுப் புகையைச் சுத்தம் செய்யும் அந்தப் பெட்டியை ஈயம் பாழாக்கிவிடும் என்பதால் ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. 2000-இல் நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது. இப்போது இருபது விழுக்காடு எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, ஈரத்தையும் இழுக்கும், எண்பதுகளின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்தவை இல்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் குழாய்களை மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

கடைசியாக, எஞ்சின் தலையிலிருந்து வரும் ‘டிக் டிக்’ சத்தம். எங்கள் வண்டிக்கு ஒருமுறை அது வந்தது. மெக்கானிக் ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை எஞ்சின் தலையிலும் பிடியைத் தன் காதிலும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். திடப்பொருளில் ஒலி நன்றாகப் பயணிக்கும். அவருக்கு அது டாக்டரின் ஸ்டெதஸ்கோப். இரண்டு இடம் நகர்த்திவிட்டு, “நடு சிலிண்டர் டாப்பெட்” என்றார்.

வளைதண்டு இரண்டு சுற்று சுற்றும்போது, ஒரு ரப்பர் பெல்ட் வழியாக மேலே கேம் தண்டு ஒரு சுற்று சுற்றி, ஆறு வால்வுகளையும் முறைப்படி தட்டித் திறக்கிறது. பெல்ட் ஒரு பல் நழுவினால் மொத்த அட்டவணையும் குலையும். தட்டும் கைக்கும் (மெக்கானிக் சொன்ன டாப்பெட்) வால்வுக்கும் இடையே ஓரிரண்டு காகிதத் தாளின் தடிமனுக்கு இடைவெளி விடவேண்டும். வால்வு சூட்டில் நீளுமே, அதற்கு இடம். புகை வெளியேறும் வால்வு செக்கச்செவேலென்று காயும். மூடி இருக்கும் நேரத்தில் இருக்கையில் அழுந்தித்தான் தன் சூட்டைக் கைமாற்ற முடியும். இடைவெளி அதிகமானால் சத்தம் வரும், அவ்வளவுதான். இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, சூடு இறங்க வழியின்றி எரிந்து ஓட்டையாகும். அப்போது சத்தமும் வராது.

அவர் மூடியைக் கழற்றி, மெல்லிய எஃகுத் தகட்டை இடைவெளியில் செருகி, புத்தகத்துக்கு அடியிலிருந்து தாளை உருவுவதுபோல் உருவி உருவிப் பார்த்துத் திருகை இறுக்கினார். எஞ்சினைக் கிளப்பினோம். காதைத் தீட்டிக் கேட்டால் மட்டும் கேட்கும் அளவுக்கு, தையல் மிஷின் போல, ஒரு மெல்லிய டிக்டிக் பாக்கி இருந்தது. அதையும் எடுத்துவிட முடியாதா என்று கேட்டேன்.

“எடுக்கலாம் சார், ஒரு சுத்து சுத்தினா போதும். அப்புறம் மூணு மாசத்துல வால்வை மாத்தணும்” என்றபடி, கையைத் துடைத்துக்கொண்டு பானட்டை மூடினார்.